எட்டரை மீட்டரு, மூணே ஸ்டெப்பு

வாசகர் கேள்வி, ட்ராக்கு அக்கா பதில்

இந்த தடவ வந்த லெட்டருல பாதிக்கு மேல ஓட்டம் பத்திதான். ஜோனல் மீட்டு முடிஞ்சு டிஸ்ட்ரிக்ட் மீட்டு வர்ற நேரம், அதான் ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் வீட்டுக்கு வீடு ஒரு உசேன் போல்ட்டு கெளம்பிட்டான் போல. கிச்சன், கல்யாணம், கடன் பத்தி எழுதுனவங்க மன்னிச்சுக்கோங்க, உங்களுக்கு அடுத்த வாரம்.

கேள்வி: அக்கா, நான் காசிமேட்டுல மீன் விக்கிறேன். வூட்டுக்காரர் லாஞ்சுக்கு போறவரு. பொண்ணுக்கு 15 வயசு, பத்தாவது. ஸ்கூல்ல 100 மீட்டர், 200 மீட்டர், ஹர்டில்ஸ் மூணுலயும் ஓடுறா, ஜோனல்ல ரெண்டு கப்பு. பிடி மாஸ்டர் "ஹர்டில்ஸ்தான் இவளுக்கு லைனு, மத்தத வுட்டுடு"ன்றாரு. என் தம்பி "ஹர்டில்ஸ் எவன் பாக்குறான், 100 மீட்டர்ல பேர் வாங்குனாதான் கெத்து"ன்றான். என் மாமியா "ரெண்டும் வாணா, பத்தாவது பாஸ் பண்ணட்டும்"ன்றாங்க. இவ ராத்திரி தலவாணிய வரிசையா போட்டு தாண்டிக்கினு கெடக்குறா. எத புடிக்கிறது எத வுடுறது?

பதில்: தங்கச்சி, மூணு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்குறாங்க, மூணு பேர் சொல்றதுலயும் கொஞ்சம் நெஜம் இருக்கு, ஆனா மூணு பேருமே ஒரே தப்ப பண்றாங்க, 15 வயசுலயே ஒண்ண புடிச்சு மத்தத வெட்டணும்னு நெனைக்கிறாங்க. வேணாம். இப்போ எதயும் வெட்டாதீங்க.

ஏன்னு சொல்றேன். ஹர்டில்ஸ்னா குதிக்கிறதுன்னு ஊர்ல எல்லாரும் நெனைக்கிறாங்க, உங்க பொண்ணு தலவாணி மேல பண்றதும் அநேகமா அதான். அது குதிக்கிறது இல்ல, ஓடுறது. நடுவுல ஒரு கட்டை வருது, அதுக்கு மேலயும் ஓடிடணும், அவ்ளோதான். பொம்பளைங்க 100 மீட்டர் ஹர்டில்ஸ்ல மொத கட்டை 13 மீட்டர்ல, அப்பால ஒவ்வொண்ணுக்கும் நடுவுல எட்டரை மீட்டர், மொத்தம் பத்து கட்டை, கடைசி கட்டைலேர்ந்து கோட்டுக்கு பத்தரை மீட்டர். அந்த எட்டரை மீட்டர்ல மூணே மூணு ஸ்டெப்பு. நாலு வெச்சா கால் மாறிடும், அஞ்சு வெச்சா ரேஸ் போயிடும். மூணு ஸ்டெப்பு, ஒரு தாண்டு, மூணு ஸ்டெப்பு, ஒரு தாண்டு, கானா பாட்டுல டோலக்கு அடிக்கிறவன் தாளத்த வுடாம புடிச்சிருக்கான் பாருங்க அந்த மாதிரி. இந்த மூணு ஸ்டெப்ப பத்து தடவையும் ஒரே வேகத்துல வெக்கணும்னா வெறும் ஓட்டத்துல வேகம் இருக்கணும். அது வர்றது 100லயும் 200லயும் ஓடி ஓடித்தான். அத வுட்டுட்டு ஹர்டில்ஸ் மட்டும் ஓடுன்னா அது எண்ணெ ஊத்தாம மீன் வறுக்கற கத.

இப்போ நம்ம நாட்டுல 100 ஹர்டில்ஸ்னா ஜோதி யாராஜி, விசாகப்பட்டினத்து பொண்ணு, 1999ல பொறந்தது, அப்பா செக்யூரிட்டி வேல. 2023 ஏசியன் சாம்பியன்ஷிப் பாங்காக்ல நடந்துச்சே, அதுல ஹர்டில்ஸ்ல தங்கம் அடிச்சா, அதே மீட்டுல வெறும் 200 மீட்டர்லயும் வெள்ளி அடிச்சா. அவளுக்கு எவனும் "அத வுட்டுடு"ன்னு சொல்லல பாருங்க. நம்ம கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ், ஆட்டோ ஓட்டுறவரு பொண்ணு, 2023 ஹாங்சோ ஏசியன் கேம்ஸ்ல 400 மீட்டர் ஹர்டில்ஸ்ல வெண்கலம், அதோட 4x400 மீட்டர் ரிலே டீம்லயும் ஓடி வெள்ளி. அவளோட ட்வின்ஸ் நித்யா ஓடுறது 100 ஹர்டில்ஸ். ஒரே வயித்துல ஒண்ணா பொறந்ததுங்களே ஆளுக்கு ஒரு ஹர்டில்ஸ் எடுத்துக்குச்சுங்க, இதுல உங்க பொண்ணுக்கு எதுன்னு பிடி மாஸ்டருக்கு இப்பவே எப்டி தெரியும்.

உங்க தம்பிக்கு ஒரு கத இருக்கு, இத அவருக்கு படிச்சு காட்டுங்க. ஹாரிசன் டில்லார்டுன்னு அமெரிக்காவுல ஒருத்தரு, ஹர்டில்ஸ்காரரு, தொடர்ந்து 82 ரேஸ் ஜெயிச்சு வெச்சிருந்த ஆளு. 1948 ஒலிம்பிக்குக்கு செலக்‌ஷன் ஓடுறப்போ கட்டைய தட்டி தட்டி ரேஸையே முடிக்க முடியாம நின்னுட்டாரு. ஆனா 100 மீட்டர்லயும் ஓடியிருந்தாரு, அதுல மூணாவதா வந்து டீம்ல பூந்துட்டாரு, லண்டனுக்கு போய் அந்த 100 மீட்டர்ல தங்கம் அடிச்சாரு. நாலு வருசம் கழிச்சு ஹெல்சிங்கில ஹர்டில்ஸ்லயும் தங்கம். ஒண்ண மூடியிருந்தா இன்னொண்ணும் இல்ல. இதுக்கு நேர் மாத்தி கெயில் டெவர்ஸ், 1992 பார்சிலோனாவுல 100 மீட்டர் தங்கம் அடிச்சிட்டு ஹர்டில்ஸ் ஃபைனல்ல முன்னாடி போயிக்கினே இருந்தவ, கடைசி கட்டைல கால் மாட்டி தடுமாறி அஞ்சாவதா போயிட்டா. ஹர்டில்ஸ் எவன் பாக்குறான்னு கேட்டாரில்ல, இத ஒருக்கா பாக்க சொல்லுங்க.

ஆனா தம்பி சொல்லாத ஒண்ணு இருக்கு, அத நான் சொல்லிடறேன். ஜோனல்ல 100 மீட்டர்க்கு போனா ஹீட்ஸ் மேல ஹீட்ஸ், அதான் ஆள கழிக்கற மொத ரவுண்டு ஓட்டம், சேப்பல் போட்டுக்கினு வந்த புள்ளகூட பேர் குடுத்திருக்கும். ஹர்டில்ஸ்ல ஆளே கம்மி, ஏன்னா பயம், அப்புறம் பல ஸ்கூல்ல ஹர்டிலே கெடையாது. அதனால மேல போறதுக்கு ஹர்டில்ஸ் வழி கொஞ்சம் காலியா இருக்கும், உங்க மாஸ்டர் அந்த கணக்குலதான் சொல்றாரு, அவர தப்பா நெனைக்காதீங்க. ஆனா காலியான வழி ஜோனல், டிஸ்ட்ரிக்ட் வரைக்கும்தான், ஸ்டேட்டுக்கு மேல வேகம் இல்லாம நிக்க முடியாது.

வயசு விஷயம். ஜோதி மொத தடவ நேஷனல் ரெக்கார்டு ஒடச்சது 2022ல, 22 வயசுல, சைப்ரஸ்ல 13.23 செகண்ட். அதுக்கு முன்னாடி இருந்த 13.38 அனுராதா பிஸ்வால் 2002ல ஓடுனது, இருவது வருசம் அசையல. அடுத்த வருசமே 12.78க்கு கொண்டு வந்துட்டா. வித்யா பெரிய டைம் ஓடுனது 25 வயசுல. 400 ஹர்டில்ஸ்ல நம்ம திருப்பூர் தருண் அய்யாசாமி ஜகார்த்தா ஏசியன் கேம்ஸ்ல வெள்ளி அடிச்சப்போ 21. பதினஞ்சு வயசுல கப்பு வாங்குனது சந்தோசம்தான், அத ஷோகேஸ்ல வெச்சுட்டு மறந்துடுங்க. உங்க பொண்ணுக்கு இப்போ வர்ற ஹர்டில் உயரமே 76.2 சென்டிமீட்டர், 18 வயசுக்குள்ள அதான், பெரியவங்களுக்கு 83.8. அந்த மூணு இஞ்ச் ஏறும்போது நல்லா ஓடிட்டிருந்த புள்ளைங்க எத்தினி பேர் காணாம போச்சுங்கன்னு எனக்கு தெரியும். ஒசரம் கம்மியா இருக்கறப்பவே மூணு ஸ்டெப்ப கெட்டியா புடிச்சிக்கணும்.

மாமியாருக்கு பதில்: பத்தாவது கண்டிப்பா எழுதணும், அதுல ரெண்டு பேச்சே இல்ல, ஏன்னா வேலைன்னு வர்றப்போ மெடல் கூட மார்க் ஷீட்டும் கேப்பான். எக்ஸாம் முடியற வரைக்கும் வாரத்துக்கு மூணு நாள், ஒரு மணி நேரம், அதுல ஹர்டில் ஒரு நாள் போதும். எக்ஸாம் முடிஞ்சா வர்றது உங்களுக்கு மீன்பிடி தடைக்காலம், ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் லாஞ்சு கரையில நிக்கும், துட்டு டைட்டு, எனக்கு தெரியாதா. ஆனா சம்மர் கேம்ப்பும் அப்போதான், விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கறதும் அந்த சீசன்தான். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்து ஆபீஸ்ல ஒருக்கா போய் விசாரிங்க, பதினொண்ணாவதுல சேர்ற புள்ளைங்களுக்கும் எடுக்கறாங்க, தங்கறது சாப்பாடு பயிற்சி எல்லாம் அங்கியே. வூட்ட வுட்டு அனுப்ப மனசு வரலன்னா, தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறி சென்ட்ரல்ல எறங்கி நடந்தா பெரியமேட்டு நேரு ஸ்டேடியம், சிந்தெடிக் ட்ராக்கு அங்க இருக்கு. நாங்க ஓடுன காலத்துல மெட்ரோவாது ஒண்ணாவது, பஸ்ஸுல படில தொங்கிக்கினு போனோம்.

ஸ்பைக்ஸ் ஷூ இப்போ வாங்காதீங்க. ஸ்கூல் சிமெண்ட் தரைல ஸ்பைக்ஸ் போட்டா கணுக்கால் போயிடும், ஆணியும் மழுங்கிடும். நல்லா குஷன் வெச்ச ஒரு ரன்னிங் ஷூ போதும், துட்டு வந்தப்புறம் ஸ்பைக்ஸ். சாப்பாட்டுக்கு உங்க கிட்ட நான் சொல்ல வேண்டியதே இல்ல, வித்தது போவ மிச்சம் வர்ற மத்தியும் நெத்திலியும் எந்த டப்பா பவுடருக்கும் மேல, கூட முட்டையும் முருங்கக்கீரையும். மீட்டு அன்னிக்கு மட்டும் பீச் ஸ்டேஷன் பக்கம் போய் அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸு, அடிச்சிட்டு வந்து நிக்க வேணாம்னு சொல்லுங்க, ஒரு புள்ள ஸ்டார்ட்டிங் பிளாக்குலயே வாந்தி எடுத்ததை என் கண்ணால பாத்திருக்கேன்.

தலவாணிய மட்டும் மாத்துங்க. பிவிசி பைப்பு ஒண்ண ரெண்டு பக்கம் செங்கல்லு மேல சொம்மா வெக்க சொல்லுங்க, தட்டுனா வுழணும், கட்டி வெக்க கூடாது. அடி பட்டா பயம் வரும், பயம் வந்தா குதிப்பா, குதிச்சா போச்சு.

கேள்வி: வியாசர்பாடிலேர்ந்து எழுதுறேன்க்கா, ப்ளஸ் டூ. 110 ஹர்டில்ஸ் ஓடுறேன். ஏழாவது ஹர்டில் வரைக்கும் மூணு ஸ்டெப்பு செம்மயா வருது, எட்டாவதுலேர்ந்து எட்டல, கட்டைய தட்டிடறேன். போன மீட்டுல நாலு கட்டைய சாச்சுட்டேன். டிஸ்குவாலிஃபை பண்ணிடுவாங்களா? ஃபிரண்ட்ஸ் எல்லாம் புல்டோசர்னு ஓட்டுறானுங்க.

பதில்: தம்பி புல்டோசரு, கட்டைய தட்டி சாச்சதுக்கு மட்டும் உன்ன தூக்க மாட்டாங்க. கையாலயோ ஒடம்பாலயோ முன்னங்காலோட மேல் பக்கத்தாலயோ தள்ளுனா, காலு கட்டைக்கு வெளிப்பக்கமா மேல் பட்டைக்கு கீழ எறங்கி போனா, உன் லேன்ல இருக்கற கட்டைய வுட்டுட்டு போனா, உன் கட்ட உருண்டு பக்கத்து லேன்காரன கெடுத்தா, அப்போ பிரச்சன. மத்தபடி பத்தையும் சாச்சிட்டு மொதல்ல வந்தாலும் மொதல்தான். ஆனா ஒவ்வொரு தட்டும் வேகத்துல கொஞ்சம் புடுங்கிக்கும், அதான் ஏழுக்கு அப்பால உனக்கு எட்டாம போவுது.

நெறைய பேர் ஸ்டெப்பு எட்டலன்னா கால அகலமா போட்டு எக்கி எக்கி ஓடுவானுங்க. தப்பு. எக்குனா பிரேக் புடிக்கற மாதிரி. ஆம்பளைங்களுக்கு நடுவுல 9.14 மீட்டர், அதுல கால சின்னதா வேகமா போடணும், கட்டை உன்ன நோக்கி வர்ற மாதிரி இருக்கணும், நீ அத தேடிக்கினு போவ கூடாது. கட்டைக்கு ரெண்டு மீட்டர் முன்னாடியே கெளம்பு, தாண்டி ஒரு மீட்டர் சொச்சத்துல கீழ வுழு, கிட்ட போய் கெளம்புனா மேல போவணும், மேல போனா நேரம் போச்சு. ப்ராக்டீஸ்ல கட்டைங்கள கொஞ்சம் கிட்ட கிட்ட வெச்சு, எட்டரை, எட்டே முக்கால்னு, 12 கட்டை ஓடு. பத்து கட்டை ரேஸுக்கு பத்து கட்டை ப்ராக்டீஸ் பத்தாது. அப்புறம் வாரத்துல ரெண்டு நாள் 150 மீட்டர் வெறும் ஓட்டம், உன் ப்ராப்ளம் கட்டையில பாதி, பெட்ரோல்ல பாதி.

இன்னொண்ணு, 18 வயசுக்குள்ள உனக்கு கட்டை 91.4 சென்டிமீட்டர், அடுத்து ஜூனியர்ல 99.1, சீனியர்ல 106.7, ஏறக்குறைய உன் இடுப்பு. இப்பவே புல்டோசர்னா அப்போ நீ இன்னா பண்ணுவ, யோசி. இடுப்ப தளர்த்துற எக்சர்சைஸ் தெனம் பத்து நிமிசம் செய்யி, டிவி பாத்துக்கினே செய்யலாம். நம்ம தேஜஸ் ஷிர்சே 2024ல ஃபின்லாந்துல 13.41 ஓடி நேஷனல் ரெக்கார்டு போட்டப்ப எப்டி மேல ஒட்டிக்கினு போறான்னு வீடியோ தேடிப்பாரு, தல மேலயும் கீழயும் ஆடவே ஆடாது.

கேள்வி: மேடம், என் மகள் ஸ்கூல் மீட்ல 100 மீட்டர் 12.5ல ஓடினாள். அதே மாசம் நேரு ஸ்டேடியத்துல 12.8தான் வந்தது. எங்களுக்கு எதிரா ஏதோ பாலிடிக்ஸ் நடக்குதுன்னு சந்தேகமா இருக்கு. - பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

பதில்: சார், பாலிடிக்ஸ் இருக்கற எடத்துல நானே மொதல்ல கூவுவேன், இது அது இல்ல. ஸ்கூல்ல மாஸ்டர் கைல வாட்ச். துப்பாக்கி சத்தமோ விசிலோ கேட்டு கட்டை வெரல் அமுக்கறதுக்குள்ள புள்ள கெளம்பிடுது, வர்றப்போ கோட்டுக்கிட்ட பாத்து ரெடியா அமுக்கிடறாரு. அதனாலதான் கை வாட்ச் டைம எலக்ட்ரானிக்கோட ஒப்பிடணும்னா 100, 200 மீட்டருக்கு 0.24 செகண்ட் கூட்டிக்கணும்னு கணக்கு. உங்க 12.5ல கூட்டுங்க, 12.74. ஸ்டேடியத்துல 12.8ன்னா உங்க பொண்ணு ரெண்டு எடத்துலயும் ஒரே ஓட்டம்தான் ஓடியிருக்கா, நல்லாத்தான் ஓடியிருக்கா.

இதவிட பெரிய வயித்தெரிச்சல் எல்லாம் இருக்கு. ஜோதி 2020ல யூனிவர்சிட்டி மீட்ல 13.03 ஓடுனா, அப்பவே நேஷனல் ரெக்கார்ட தாண்டிட்டா, ஆனா கணக்குல எடுக்கல, டோப் டெஸ்ட், அதான் ஊக்க மருந்து டெஸ்ட், நடக்கல, ஃபெடரேஷன் டெக்னிக்கல் ஆள் இல்லன்னுட்டாங்க. 2022 ஏப்ரல்ல கோழிக்கோட்டுல 13.09, அதுவும் இல்ல, பின்னாடி காத்து செகண்டுக்கு 2.1 மீட்டர், 2.0 வரைக்கும்தான் ஒத்துப்பாங்க. பாயிண்ட் ஒண்ணு! நம்ம எண்ணூர் பக்கம் கடல் காத்துக்கு அதெல்லாம் காத்தே இல்ல. ரெண்டு தடவ கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டல, அடுத்த மாசமே சைப்ரஸ்ல போய் ஒழுங்கா ஒடச்சா.

அதுக்கப்புறமும் வுட்டுதா? ஹாங்சோ ஃபைனல்ல பக்கத்து லேன் சீனாக்காரப் பொண்ணு முன்னாடியே கெளம்ப, இவளயும் சேத்து வெளிய போன்னாங்க, இவ நின்னு சண்ட போட்டா, அப்புறம் ரெண்டு பேரையும் ஓட வுட்டாங்க, ரேஸ் முடிஞ்சு அந்த பொண்ண தூக்கிட்டு இவளுக்கு வெண்கலத்த வெள்ளியா மாத்திக் குடுத்தாங்க. 12.91 அன்னிக்கு. அந்த கலாட்டாவுல திரும்ப போய் பிளாக்குல ஒக்காந்து பத்து கட்டையும் தாண்டுறதுக்கு ஒரு நெஞ்சு வேணும் சார்.

கேள்வி: பெரம்பூர்லேர்ந்து ஒரு தாத்தா எழுதுறேன்மா. நான் ரயில்வேல இருந்து ரிட்டயர்டு. பேத்தி நல்லா ஓடுறா. எங்க காலத்துல ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலை குடுத்தாங்க. இப்பவும் உண்டா?

பதில்: உண்டு தாத்தா, ரயில்வேலயும் உண்டு, நம்ம ஸ்டேட் கவர்மென்ட்லயும் விளையாட்டுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. ஆனா கப்ப காட்டி வேல வாங்க முடியாது, சர்டிபிகேட் சரியான ஃபார்ம்ல இருக்கணும். மத்திய அரசு வேலைக்கு ஃபார்ம் 1ன்னா இந்தியாவுக்கு ஆடுனது, 2ன்னா நேஷனல்ல ஸ்டேட்டுக்கு ஆடுனது, 3 யூனிவர்சிட்டி, 4 ஸ்கூல் நேஷனல். தெருவுக்கு தெரு நடக்கற ட்ரோபி மீட் சர்டிபிகேட் பத்து கிலோ இருந்தாலும் இதுல ஒண்ணுக்கும் ஆவாது. மீட் முடிஞ்ச ஒடனே பேரு, இனிஷியல், பொறந்த தேதி ஸ்கூல் ரெக்கார்ட்ல இருக்கற மாதிரியே இருக்கான்னு பாத்துடுங்க. ஒரு இனிஷியலுக்காக மூணு வருசம் அலஞ்ச பையன எனக்கு தெரியும். வயச கொறச்சு போட்டு ஜூனியர்ல ஓட்டறேன்னு எவனாவது வந்தா வாசல்லயே செருப்ப காட்டுங்க, இன்னிக்கு மெடல் வரும், நாளைக்கு எல்லாத்தையும் புடுங்கிடுவான்.

கேள்வி: ஜிம்ல ஒரு பவுடர் தராங்க, ஸ்டார்ட்டிங் ஸ்பீடு ஏறும்னு சொல்றாங்க. குடிக்கலாமா? - திருவொற்றியூர்

பதில்: குடிக்காத. டப்பாவுல எழுதாத ஊக்க மருந்து உள்ள இருந்தாலும், டெஸ்ட்ல ஒடம்புல புடிபட்டா நீதான் பொறுப்பு, ஜிம்காரன் வந்து நிக்க மாட்டான். நாலு வருசம் வரைக்கும் தடை வரலாம். ஜலதோசத்துக்கு மாத்திரை போடறதா இருந்தாகூட டாக்டர் கிட்ட "நான் ஸ்போர்ட்ஸ்"னு சொல்லிட்டு போடு.

கேள்வி: அக்கா, என் பேர் போடாதீங்க. கொருக்குப்பேட்டை. எனக்கு 14. ஹர்டில்ஸ் ஓடுறதால கர்ப்பப்பை எறங்கிடும், பின்னாடி கொழந்த பொறக்காதுன்னு பெரியம்மா சொல்றாங்க. ஷார்ட்ஸ் போட்டு ஓடுனா தெருவுல பசங்க கிண்டல். பீரியட்ஸ் டைம்ல மீட்டு வந்தா என்ன பண்றது?

பதில்: கண்ணு, பெரியம்மா பாசத்துல சொல்றாங்க, ஆனா அது பொய். நம்ம பி.டி. உஷாவ எடுத்துக்கோ, 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ல 400 ஹர்டில்ஸ் ஓடுனாங்க, 55.42, நூறுல ஒரு பங்கு செகண்டுல வெண்கலம் போச்சு, மூணாவது வந்த ருமேனியாக்காரி 55.41. கொழந்த பெத்துட்டு மறுபடி வந்தும் ஓடுனாங்க அவங்க. அந்த 55.42 முப்பத்தொம்பது வருசம் அப்டியே நின்னுச்சு, 2023ல ஹாங்சோவுல வித்யா வந்து அச்சு அசலா அதே 55.42 ஓடுனா, ஒரு புள்ளி முன்னயும் இல்ல பின்னயும் இல்ல. உங்க பெரியம்மாவுக்கு உஷா பேர் தெரியும், அங்கேர்ந்து பேச்ச ஆரம்பி. அதுக்கும் முன்னாடி 1948ல ஹாலந்துக்காரி ஃபேனி பிளாங்கர்ஸ் கோயன், ரெண்டு கொழந்தைக்கு அம்மா, ஒரே ஒலிம்பிக்ல நாலு தங்கம், அதுல ஒண்ணு ஹர்டில்ஸ்.

பீரியட்ஸ்ல ஓடலாம், ஒடம்பு ஒத்துழைச்சா. வலி ஜாஸ்தின்னா மாஸ்டர் கிட்ட சொல்ல கூச்சமா இருந்தா லேடி டீச்சர் யாராவது ஒருத்தர் கிட்ட சொல்லி வெச்சுக்கோ. ஒரு நோட்டுல தேதி குறிச்சுக்கிட்டே வா, மூணு மாசம் வரவே இல்லன்னா "ஹையா ஜாலி"ன்னு இருக்காத, அம்மாவ கூட்டிக்கினு டாக்டர பாரு, பத்தாத சாப்பாட்டுல ஓடுறன்னு அர்த்தமா இருக்கலாம். ஷார்ட்ஸ் விஷயம், கிரவுண்டு வரைக்கும் மேல ட்ராக் பேண்ட் போட்டுக்கினு போ, அங்க போய் கழட்டு. முழு லெகின்ஸ் போட்டும் ஓடலாம், ரூல்ல ஒண்ணும் இல்ல, லூசான பேண்ட் மட்டும் வேணாம், கட்டைல மாட்டும். கிண்டல் பண்ற பசங்கள என்ன பண்றதுன்னு கேட்டா எனக்கும் பதில் தெரியாது, நான் கல்லெடுத்து அடிச்சேன், அத உனக்கு சொல்ல கூடாது.

கேள்வி: நீங்க ஹர்டில்ஸ் ஓடுனதா எப்பவும் சொல்றீங்க, ஆனா எந்த மெடலும் பத்தி பேசுனதே இல்லயே? - ராயபுரம்

பதில்: ஏன்டாப்பா, வம்புக்குன்னே வர்றியா. சரி சொல்றேன். ரெண்டு தடவ விழுந்திருக்கேன், ஒண்ணு என் தப்பு, ஒண்ணு என் தப்பு இல்ல.

என் தப்பு இல்லாதது மொதல்ல. ஒரு மீட்டு, எந்த ஊருன்னு வேணாம். சிந்தெடிக் ட்ராக்குல ஹர்டில் வெக்க வேண்டிய எடத்துக்கு கலர் கலரா மார்க் இருக்கும், பொண்ணுங்க 100 ஹர்டில்ஸுக்கு மஞ்ச, பசங்க 110க்கு நீலம், 400க்கு பச்ச. அன்னிக்கு கட்டை அடுக்குனவங்க பசங்க ரேஸ் முடிஞ்சதும் ஒசரத்த மட்டும் எறக்கிட்டு நீல மார்க்குலயே வுட்டுட்டாங்க. பிளாக்கும் பசங்க 110 கோட்டுலயே, நாங்க எட்டு பேரும் அதுல. மொத கட்டைக்கே கால் கொஞ்சம் பத்தல, பரவால்லன்னு போனேன், ரெண்டாவதுக்கு மூணு ஸ்டெப்பு வெச்சு பாத்தா கட்டை இன்னும் எங்கியோ இருக்குது. எனக்கு என்ன தோணுச்சுன்னா, நேத்து ராத்திரி சாப்பிடல, அதான் எட்டலன்னு. எவளுக்கும் கட்டை தப்பான எடத்துல இருக்குன்னு தோணல பாரு, எட்டு பேரும் அவங்கவங்க காலத்தான் திட்டிக்கினோம். மூணாவதுல நான் விழுந்தேன், அப்புறம் வரிசையா மூணு பேர். ஒருத்தி மட்டும் அஞ்சு ஸ்டெப்பு அஞ்சு ஸ்டெப்பா வெச்சு நடந்த மாதிரி போய் ஜெயிச்சா. டேப்பு புடிச்சு அளந்தது அப்பாலதான். மறுபடி ஓட வெச்சாங்க, எனக்கு மொட்டி தோல் உரிஞ்சு ரத்தம், நான் ஓடல. அன்னிலேர்ந்து எந்த கிரவுண்டு போனாலும் மொதல்ல ரெண்டு கட்டைக்கு நடுவுல என் பாதத்த வெச்சு அளந்து பாத்துடுவேன், கட்டையோட அடிக்காலு நான் வர்ற பக்கம் பாத்து இருக்கான்னும் பாத்துடுவேன். திருப்பி வெச்சிருந்தா தட்டுனாலும் சாயாது, நீதான் சாயணும். இப்போ என் புள்ளைங்களும் அப்டித்தான் அளக்குதுங்க, அஃபிஷியல் மொறைப்பாரு, மொறைக்கட்டும்.

என் தப்பு: ஸ்டேட் மீட்டு, ஏழு கட்டை வரைக்கும் நான்தான் முன்னாடி. எட்டாவது தாண்டுறப்போ பக்கத்து லேன திரும்பி பாத்தேன். பின்னங்கால் மொட்டி நச்சுன்னு கட்டைல. எங்கப்பா கேலரில ஒக்காந்திருந்தாரு, ஹார்பர்ல ஷிஃப்ட்ட மாத்திக்கினு வந்திருந்தாரு. பீச் ஸ்டேஷன் வரைக்கும் ஒண்ணும் பேசல. அங்க எறங்கி ரெண்டு பேரும் அத்தோ சாப்ட்டோம். பாதி தட்டுல நிமிந்து பாத்து, "யாருமா அந்த பக்கத்து லேன்ல, தெரிஞ்ச பொண்ணா?"ன்னு கேட்டாரு.